தில்லையின் சுற்றத்தார்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் விரிந்து கிடக்கும் பிச்சாவரத்துச் சதுப்பு வனத்தில் படகேறிச் செல்லுகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது சுரபுன்னை. அடிமரத்திலிருந்தும் தாழ்ந்த கிளைகளிலிருந்தும் வளைந்து இறங்கிச் சேற்றைப் பற்றிக்கொள்ளும் வேர்களின்மேல் அது எழுந்து நிற்கும். அதன் விதை, தாய்மரத்தை விட்டுப் பிரிவதற்கு முன்பே முளைத்து, பச்சைநிறமான நீண்ட தண்டாகக் கிளையிலேயே தொங்கி, பருவம் வந்ததும் சேற்றில் விழுந்து வேர்விடவோ, நீரில் மிதந்து வேறோர் இடத்தை நாடிச் செல்லவோ ஆயத்தமாக இருக்கும். சற்று உள்வாங்கிய மேட்டு நிலத்தில், இத்தகைய ஆடம்பரம் எதுவுமின்றி நிற்பது தில்லை. உதிரும் முன் இலை சிவக்கும் என்பதைத் தவிர அதனிடம் பார்வையைக் கவரும் அம்சம் ஒன்றும் இல்லை. ஆனால் கிளையை ஒடித்தால் வெள்ளைவெளேரென்று பால் வடியும். அந்தப் பால் தோலில் பட்டால் கொப்புளம் எழும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கூத்தப்பிரானின் தலத்துக்குப் பெயர் கொடுத்த விருட்சம் இதுவே. ஆலகாலத்தைக் கண்டத்தில் அடக்கியவனுக்கு, அருகில் செல்லவும் மனிதர் அஞ்சும் இந்த மரக்காட்டையே ஆடரங்காக நம் முன்னோர் கண்டதில் ஆழ்ந்த பொருத்தம் ஒன்று இருப்பதாகவே எனக்கு எப்போதும் தோன்றிவந்திருக்கிறது.

ஒன்றுக்கொன்று ஜாடை சிறிதும் இல்லாத இவ்விரு மரங்களும் ஒரே துறையைச் சேர்ந்த தாயாதிகள் என்று தாவர சாஸ்திரம் இன்று சொல்லுகிறது. அவற்றுக்குப் பக்கத்திலேயே, அதே உப்புச் சேற்றில், அதே அலைநீரைக் குடித்து, மூச்சுவேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு வளரும் வெண்கண்டலோ இவ்விரண்டுக்கும் உறவே அல்ல; அதன் சுற்றம் துளசியும் தேக்கும். ஒரே இடத்தில் வாழ்வதும் ஒரே துன்பத்தை அனுபவிப்பதும் உறவாகிவிடா. உருவத்தில் வேறுபடுவதும் உறவை அறுத்துவிடாது. மனிதர் விஷயத்தில் நாம் நன்றாக அறிந்திருக்கும் இவ்வுண்மையைத் தாவரங்களின் விஷயத்தில் அறிந்துகொள்ள நமக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டிருக்கிறது.

இந்தத் துறைக்கு மால்பிகியேலீஸ் என்று பெயர். இத்தாலியின் பொலோஞா நகரத்தைச் சேர்ந்த மர்செல்லோ மால்பிகி (1628–1694) என்ற வைத்தியர், தவளையின் நுரையீரலில் ரத்தம் ஓடும் நுண்ணிய தந்துகிகளை 1661இல் நுண்ணோக்காடியின் வழியே முதன்முதலாகக் கண்டவர். தாவரங்களின் உள்ளமைப்பைப் பற்றியும் பெருநூல் எழுதியவர். அவர் ஞாபகமாக ஒரு செடிக்கு மால்பிகியா என்று பெயர் சூட்டப்பட, அதுவே பின்னர் ஒரு குடும்பத்துக்கும், அதற்கு மேலான துறைக்கும் பெயராயிற்று. இத்துறையில் 36 குடும்பங்களும், ஏறத்தாழ 16,000 இனங்களும் இருப்பதாக இன்றைய கணக்கு. ஆமணக்கும் மரவள்ளியும் குப்பைமேனியும் அதில் இருக்கின்றன. நெல்லியும் கீழாநெல்லியும் இருக்கின்றன. நெய்தல் நிலத்துப் புன்னை இருக்கிறது, இலங்கையர் தங்கள் தேசிய விருட்சமாகக் கொண்டாடும் நாகமரம் இருக்கிறது. மங்குஸ்தானும் கொடம்புளியும், லினன் துணி தரும் ஆளிச்செடியும், சித்த வைத்தியர்கள் தேடும் ஓரிதழ்த்தாமரையும், கிரிக்கெட் மட்டை செய்யும் வில்லோ மரமும், ஆண்டிஸ் மலைவாசிகள் மெல்லும் கோக்கா இலையும் எல்லாம் இந்தச் சுற்றத்தாரே. கொடியும் கள்ளியும் புல்லளவே உயர்ந்த பூண்டும் வானளாவிய மரமும் ஒரே வீட்டில் பிறந்தவை என்றால் எந்தக் கண்தான் எளிதில் நம்பும்?

நம்பவில்லை என்பதற்கு நூல்களே சாட்சி. பெந்தமும் ஹூக்கரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட பெருநூலின் பாகுபாட்டைத்தான் நம் நாட்டுக் கல்லூரி மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்துவந்தார்கள். மலரின் இதழ்களையும் சூலகத்தின் இருப்பிடத்தையும் நுணுகி ஆராய்ந்து அமைத்த அந்த மகத்தான பாகுபாட்டில், ஆமணக்குக் குடும்பம் அல்லியில்லாத மலர்களுடைய கூட்டத்தில், ஒருபாற் பூக்களையுடைய செடிகளோடு வைக்கப்பட்டது. சுரபுன்னை நாவலோடும் கொய்யாவோடும் சேர்க்கப்பட்டது. குருக்கத்தியும் ஆளியும் வேறோர் இடம் பெற்றன. வில்லோ மரமோ, எங்கே வைப்பதென்று தெரியாமல், முறைமைக்குள் அடங்காதவை என்ற கடைசிப் பகுதிக்குப் போயிற்று. 1990களில் பசுங்கணிகத்தின் மரபணுவை எழுத்தெண்ணிப் படிக்கும் வித்தை கைவந்த பிறகுதான், சிதறிக்கிடந்த இக்குடும்பங்கள் ஒரே கிளையினின்று பிரிந்தவை என்று தெரியவந்து, 1998இல் இன்றைய துறை உருவாயிற்று. பூவை நம்பி அறிஞர்கள் ஏமாந்தார்கள் என்று சொல்லுவது நியாயமன்று. அவர்களுடைய கண் கூர்மையானதே. டைனோசார்கள் உலவிய கிரெட்டேசியஸ் யுகத்தின் நடுவில், 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், வெப்பமண்டலக் காடுகளின் நிழலில், காலக்கணக்கில் ஒரு நொடிக்குள்ளாக இக்குடும்பங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து, அதன்பின் ஒவ்வொன்றும் தனித்தனி வழியில் மிகநெடுந்தூரம் சென்றுவிட்டன. எது அண்ணன், எது தம்பி என்பதை மரபணுவினாலும் இன்னும் முற்றாகத் தீர்மானிக்க முடியவில்லை. இன்றும் மழைக்காடுகளில், உயர்ந்த மரங்களின் கீழ் நிழலைத் தாங்கி வளரும் சிறுமரங்களில் கணிசமான பங்கு இத்துறையினவே.

இவ்வுறவின் விசித்திரத்துக்கு ஒரே ஓர் உதாரணம் போதும். 1818இல் சுமாத்திராவின் காட்டில், ராஃபிள்ஸ் துரையின் பரிவாரத்தோடு சென்ற ஜோசப் ஆர்னால்டு என்ற வைத்தியருக்கு ஒரு வேலையாள் ஒரு பூவைக் காட்டினான். இலையில்லை, தண்டில்லை, வேரில்லை. வேறொரு கொடியின் உடலுக்குள் இழைகளாக வாழ்ந்து, மலர்வதற்கு மட்டும் வெளியே வந்து, ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலத்துக்கு விரிந்து, அழுகிய மாமிசத்தின் நாற்றத்தால் ஈக்களை அழைக்கும் ராஃபிளீஷியா அது. உலகத்தின் தனிப்பூக்களில் மிகப் பெரியது. அதன் குலம் எது என்பது ஏறத்தாழ இரு நூற்றாண்டு விளங்காமல் இருந்தது. 2007இல் வெளியான ஆராய்ச்சி, அது ஆமணக்குக் குடும்பத்தின் நடுவிலிருந்தே கிளைத்தது என்று காட்டிற்று. நம் வயல்வரப்பில் நிற்கும் அம்மான் பச்சரிசியின் பூ எங்கே இருக்கிறதென்று தேட வேண்டும். கண்டபின்னும் அதைப் பூ என்று ஒப்புக்கொள்ளச் சற்று யோசிக்க வேண்டும். அவ்வளவு சிறிய பூக்களுடைய ஒரு வம்சத்தில், உலகின் மிகப் பெரிய பூவும் பிறந்தது.

ஆயினும் இத்துறையைப் பற்றி நான் எழுத வந்ததற்குக் காரணம் இந்த விசித்திரங்கள் அல்ல. இவற்றில் மனிதருக்குப் பெரும் பிரயோஜனம் தந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை நேராகக் கைநீட்டி எடுத்துக்கொள்ளத்தக்க நிலையில் தம் கொடையை வைத்திருக்கவில்லை என்பது புலப்படும். கொடைக்கும் கைக்கும் நடுவில் ஒரு நஞ்சோ, ஒரு காயமோ, ஒரு கடின உழைப்போ குறுக்கே நிற்கிறது. வாழையும் மாவும் பழுத்தால் உண்ணலாம். ஆமணக்கையும் மரவள்ளியையும் நீரடிமுத்தையும் ரப்பரையும் அவ்விதம் அணுக இயலாது. வறுத்தும், இடித்தும், அலசியும், கீறியும், காத்திருந்தும் அவற்றைப் பயனாக்கியவை மனிதக் கைகள். அந்தக் கைகளைப் பற்றித் தாவர நூல்கள் பேசுவதில்லை.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. நெல்லியிடம் குற்றமே கிடையாது. அதியமான் ஔவைக்கு ஈந்தது என்ற புகழும் அதற்கு உண்டு. அதன் சிறிய உறவான கீழாநெல்லி, இலைக்காம்பின் அடியில் கடுகுபோன்ற காய்களை வரிசையாக மறைத்துவைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் கேட்பாரின்றி முளைப்பது. மஞ்சட்காமாலைக்கு அதை அரைத்து மோரில் கொடுக்கும் வழக்கத்தை அடிப்படையாகக் கொண்டு சென்னை ஆய்வாளர்கள் நடத்திய பரிசோதனை 1988இல் லான்செட் பத்திரிகையில் வெளிவந்தபோது பெரிய நம்பிக்கை பிறந்தது. பின்னர் பிறர் நடத்திய சோதனைகள் அந்த நம்பிக்கையை உறுதிசெய்யவில்லை. இதை மறைக்காமல் சொல்லுவதே அந்தப் பூண்டுக்கும் நம் வைத்தியத்துக்கும் நாம் செய்யும் மரியாதை. புன்னையும் அவ்வாறே சாதுவான மரம். விதையை ஆட்டிய எண்ணெய் விளக்கெரித்தது, படகுப் பலகைக்குப் பூசப்பட்டது. மயிலைக் கபாலீச்சரத்தில் அதுவே தலவிருட்சம். விளையாட்டாக மணலில் அழுத்திய புன்னை விதை முளைத்துவிட, நெய்யும் பாலும் பெய்து வளர்த்த அந்த மரத்தை உனக்குத் தங்கை என்று தாய் சொல்லியிருக்கிறாளே, அதன் நிழலில் நின்று காதலனோடு நகையாட நாணமாக இருக்கிறதே என்று ஒரு பெண் கூறுவதாக நற்றிணையில் ஒரு பாட்டு இருக்கிறது. மரபணு என்ற சொல்லே பிறவாத காலத்தில், மரத்தோடு மனிதருக்கு உறவுமுறை உண்டென்று எழுதிய அந்தக் கவியின் உள்ளத்துக்கு, பதினாறாயிரம் இனங்களையும் ஒரே சுற்றமாகக் காணும் இன்றைய சாஸ்திரம் வியப்பளித்திராது.

ஆமணக்கின் விதையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள்: சாம்பல்நிறத்தில் பழுப்பு வரிகளும் புள்ளிகளும் ஓடும் அந்தப் பளபளப்பான ஓட்டில், ஒரு விதையின் கோலம் மற்றொன்றில் அப்படியே அமைவதில்லை. ஒரு முனையில் மட்டும் சதைப்பற்றான சிறு குமிழ் ஒன்று ஒட்டியிருக்கும்; எறும்புகள் அதற்காகவே விதையை இழுத்துச் செல்லும். அந்த அழகிய ஓட்டினுள்ளே, மனிதர் அறிந்த கொடிய விஷங்களில் ஒன்றான ரிசின் இருக்கிறது. அது ஒரு புரதம்; நீரில் கரையும், எண்ணெயில் கரையாது, சூட்டில் சிதையும். ரசாயனம் இதைச் சொல்வதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பு, நம் கிராமத்துப் பெண்கள் கொட்டமுத்தை வறுத்து, உரலிலிட்டு இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, மேலே திரண்டு மிதக்கும் எண்ணெயை அகப்பையால் வழித்து, சடசடவென்ற நீர்ச்சத்தம் அடங்கும்வரை மறுபடியும் காய்ச்சி வடித்தார்கள். இந்தக் கிரமத்தின் ஒவ்வொரு படியும் விஷத்தை அழிப்பதாகவோ எண்ணெயிலிருந்து பிரிப்பதாகவோ அமைந்திருப்பதை எண்ணும்போது, எவ்வளவு நீண்ட காலத்துக் கவனமும், சொல்லப்படாத எத்தனை விபத்துகளும் அதன் பின்னால் இருந்திருக்கும் என்று மனம் கலங்குகிறது. அவ்வாறு பிறந்த எண்ணெய்தான் கோயில் விளக்கிலும், குழந்தையின் வயிற்றுக்கும், வெயிலில் எரியும் கண்ணுக்கும், வண்டு விழாமல் துவரம்பருப்பைக் காப்பதற்கும் உதவிற்று. முதல் உலக யுத்தத்தில் ஆகாய விமானங்களின் சுழலும் இயந்திரங்களுக்கும் அதுவே மசகு. பெட்ரோலோடு கரைந்துபோகாத குணத்துக்காக அதைத் தேர்ந்தார்கள். இன்று உலகத்துக்கு வேண்டிய ஆமணக்கில் பெரும்பகுதி இந்தியாவில், அதிலும் குஜராத்தில் விளைகிறது. எண்ணெய் எடுத்த பிண்ணாக்கு நல்ல எரு. மாட்டுக்கு மட்டும் அதை வைக்கக்கூடாது.

மேற்குத்தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் வளரும் நீரடிமுத்தைப் பற்றி நம்மில் அறிந்தவர் சிலரே. அதன் எண்ணெயும், பர்மாவில் வளரும் அதன் உறவுமரத்தின் எண்ணெயும் குஷ்டரோகத்துக்கு மருந்தென்று கீழ்நாட்டு வைத்தியம் நெடுங்காலமாகச் சொல்லிவந்தது. உட்கொண்டால் குமட்டும், ஊசியில் ஏற்றினால் தடித்த எண்ணெய் தோலின் அடியிலேயே கட்டிகளாக நின்றுவிடும். ஹவாய்த் தீவில் ஆலிஸ் பால் என்ற கறுப்பினப் பெண், இருபத்துமூன்று வயதில், அந்த எண்ணெயின் அமிலங்களை உடம்பு ஏற்கும் வடிவத்துக்கு மாற்றும் வழியைக் கண்டாள். 1916இல், தன் கண்டுபிடிப்பை வெளியிடுவதற்கு முன்பே, இருபத்துநாலு வயதில் அவள் இறந்துபோனாள்; அவளுடைய கல்லூரியின் தலைவராக இருந்தவர் அவள் பெயரைச் சொல்லாமலேயே அவ்வேலையைத் தொடர்ந்து வெளியிட்டார். 1940களில் சல்போன் மருந்துகள் வரும்வரை, வீட்டாரும் ஊராரும் கைவிட்ட அநேக நோயாளிகளுக்கு இருந்த ஒரே ஆறுதல் இந்த ஊசிதான். மருந்தின் சக்தி குறைவானதுதான் என்று பிற்காலம் தீர்ப்புச் சொன்னாலும், யாரும் தொடத் துணியாத உடம்பைத் தொட்டு ஊசி போட ஒரு காரணத்தை அது அளித்தது என்பதை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை.

மரவள்ளியின் ஜன்மபூமி தென்னமெரிக்கா. அதன் கிழங்கிலும் இலையிலும் இருக்கும் ஒரு பொருளும், அதைச் சிதைக்கும் நொதியும் உயிரணுவில் தனித்தனி அறைகளில் அடைபட்டிருக்கின்றன; கடித்தாலோ நசுக்கினாலோ இரண்டும் கலந்து சயனைடு பிறக்கிறது. அமேசான் பழங்குடிகள் கிழங்கைத் துருவி, நீண்ட பின்னற்குழாயில் திணித்து, இழுத்துப் பிழிந்து, நஞ்சுநீரை வடித்து, மாவை வாட்டி உணவாக்கினார்கள். அங்கிருந்து போர்ச்சுகீசியர் கையால் கடல்கடந்த இக்கிழங்கை, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சத்துக்கு மாற்றாகப் பயிரிடும்படி ஊக்கினார். நாஞ்சில் நாட்டு ஏழைக்கு மரச்சீனியும் மீன்குழம்பும் சோறாயின. கொங்கு நாட்டில் இதுவே குச்சிக்கிழங்கு. யாழ்ப்பாணத்தில் மரவள்ளி, அதை உண்ட அன்று இஞ்சி சேர்க்கக்கூடாது என்பது அங்கே பாட்டிமார் கட்டளை.

சேலத்தில் அது ஒரு தொழிலாகவே மாறிற்று. இரண்டாம் உலக யுத்தத்தில் மலாய்த் தீவுகளிலிருந்து பனைச் சவ்வரிசி வருவது நின்றுபோனபோது, குச்சிக்கிழங்கின் மாவிலிருந்து அதைச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். கிழங்கைக் கழுவித் தோலுரித்து அரைத்து, பாலைத் தொட்டிகளில் தெளியவிட்டு, அடியில் படிந்த வெள்ளை மாவை ஈரத்தோடு எடுத்து, தூளிபோல் கட்டிய துணியிலிட்டுக் குலுக்குவார்கள். குலுக்கலின் தாளத்தில்தான் மாவு மணியாகத் திரளுகிறது. வேகம் மிகுந்தால் கட்டி, குறைந்தால் தூள். பின்னர் சூடான தகட்டில் புரட்டி, களத்தில் வெயிலுக்குப் பரப்புவார்கள். இப்போது குலுக்குவதற்கு யந்திரங்கள் வந்துவிட்டன. ஆயினும் அந்த யந்திரம் செய்வது அந்தக் கைகளின் அசைவையேதான். கழிந்த நார் திப்பி என்று தீவனத்துக்கு விலைபோகிறது. கிழங்கு அறுத்த காட்டில் ஆடு புகுந்து பச்சைத்தழையை மேய்ந்துவிடாமல் குடியானவன் காவல் நிற்பதும், அந்தப் பழைய நஞ்சுக்குப் பயந்துதான்.

இனி ரப்பர். இத்துறையின் மரங்களில் தமிழர் வாழ்வில் மிக ஆழமாக வேர் பாய்ச்சியது எது என்று என்னைக் கேட்டால், தில்லையையும் நெல்லியையும் விட்டு இதைத்தான் சொல்லுவேன். நம் காவியங்களில் அதற்கு இடமில்லை, நம் தெய்வம் எதற்கும் அது தலவிருட்சம் அன்று. இருந்தும் அதன் அடியில் கழிந்த தமிழ் வாழ்வுகளுக்குக் கணக்கில்லை.

அமேசான் காட்டில் அது தன்னந்தனியாக, மரத்துக்கு மரம் வெகுதூரம் விட்டு வளர்ந்தது. 1839இல் குட்இயர் என்பவர் ரப்பரைக் கந்தகத்தோடு சுட்டு உறுதியாக்கும் முறையைக் கண்டதும், 1888இல் டன்லப் காற்றடைத்த சக்கரத்தை உருவாக்கியதும் உலகத்தின் பசியை அம்மரத்தின்மேல் திருப்பின. புட்டுமாயோ ஆற்றங்கரையில் பழங்குடிகள் சாட்டையாலும் பட்டினியாலும் வதைக்கப்பட்டதை ரோஜர் கேஸ்மென்ட் எழுதிய அறிக்கை உலகுக்கு எடுத்துக்காட்டிற்று. இதற்கிடையில் 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் தப்பாஜோஸ் நதிப்பக்கத்திலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளைக் கப்பலேற்றி லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்தில் சேர்த்தார். முளைத்தவை 2,700 அளவே. அவற்றில் 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் அதே வருஷம் இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் ஊன்றப்பட்டன. மறுவருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. ஆசியாவின் ரப்பர்க்காடுகள் பெரும்பாலும் இந்தச் சிறு கூட்டத்தின் சந்ததி.

மரத்தைக் கொல்லாமல் பாலெடுப்பது எப்படி என்பதுதான் அடுத்த கேள்வி. 1888இல் சிங்கப்பூர்த் தோட்டத்துக்கு வந்த ஹென்றி ரிட்லி அதற்கு விடை கண்டார். கோடரியால் கொத்தும் அமேசான் முறையை விட்டு, பட்டையை மெல்லிய சீவலாகச் சாய்வாகச் சீவி, அடுத்த முறை அதே காயத்தின் கீழ்விளிம்பை மட்டும் புதுப்பிப்பது அந்த முறை. பால்நாளங்கள் பட்டையினுள் சற்றே சாய்ந்து செல்லுவதால், இடப்பக்கத்து மேட்டிலிருந்து வலப்பக்கத்துத் தாழ்வுக்கு வெட்டினால் அதிக நாளங்கள் திறக்கும். சீவலின் கனம் ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர். வெட்டுக்குச் சற்று உள்ளே, மரம் வளருவதற்கு ஆதாரமான உயிர்ப்படலம் இருக்கிறது. உளி அதைத் தொடக்கூடாது, தொடாமலும் மிக அண்மையில் செல்ல வேண்டும். ஏனெனில் பால் மிகுந்த நாளங்கள் அங்கேதான் இருக்கின்றன. வெயில் ஏறினால் மரத்தினுள் அழுத்தம் தணிந்து பால் குறையுமாதலால் விடியலுக்கு முன்பே வெட்டியாக வேண்டும். காகிதத்தின் கனத்தில் பிழைக்கும் வித்தையை, இருட்டில், நெற்றிவிளக்கின் ஒளியில், ஒரு நாளைக்கு 300, 400 மரங்களுக்குச் செய்வது எத்தகைய வேலை என்று நினைத்துப்பாருங்கள்.

அந்த வேலைக்குத்தான் திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் மக்கள் கங்காணிகளின் பின்னால் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குத் தப்பு கேட்கும். பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத் தாய் தன் நிரைக்கு ஓடுவாள். வெட்டுக்காயத்தின் கீழே, மங்கு என்னும் பால்கிண்ணத்தைக் கவிழ்த்துத் துடைத்து நிமிர்த்திவைத்து அடுத்த மரத்துக்குப் போவாள். முன்னாள் பால் காயத்திலேயே உறைந்த ஒட்டுப்பாலையும், மங்கில் தங்கிய கட்டிப்பாலையும் தனித்தனியே சேர்ப்பாள். மழை வந்தால் பாலும் போயிற்று, அன்றைய கூலியும் போயிற்று. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’யைப் படித்தவர்களுக்கு இந்தச் சொற்கள் பழக்கமானவை. 1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் ரப்பரை வாங்குவார் இல்லை, அரிசியும் இல்லை. தோட்டத்து ஜனங்கள் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளியைத் தோண்டித் தின்று உயிர் வைத்திருந்தார்கள். பால்மரமும் அந்தக் கிழங்கும் ஒரே குடும்பத்தில், ஒரே கண்டத்தில் பிறந்த நெருங்கிய உறவினர். பிறந்த மண்ணிலிருந்து பாதி உலகம் தள்ளி, தம்மைப் போலவே கொண்டுவரப்பட்ட மனிதருக்கு ஒன்று கைவிட்ட இடத்தில் மற்றொன்று உணவாயிற்று. அதுவும் கிட்டாமல் சயாம்–பர்மா ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தோட்டத் தமிழரில் பல்லாயிரவர் திரும்பவே இல்லை.

விக்கம் 1920இல் ‘சர்’ பட்டம் பெற்றார். ரிட்லி நூறு வயது வாழ்ந்து 1956இல் கண்மூடினார். அவருடைய புகழ் தகுதியானதே. ஆயினும் அவர் கண்ட முறையை லட்சோபலட்சம் மரங்களில் பிழையின்றி நடத்திக்காட்டிய கைகளில் ஒன்றின் பெயரையாவது ரப்பரின் சரித்திரம் எழுதிய நூல்களில் நான் தேடிக் கண்டதில்லை. இது எனக்கு ஆறாத மனக்குறை.

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், வயதான வெட்டுக்காரர் ஒருவர் மரத்தின் பட்டையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே சுற்றிவந்ததைப் பார்த்திருக்கிறேன். சீவிய பட்டை மறுபடியும் வளர்ந்து வெட்டுக்குத் தகுதியாக ஏழெட்டு வருஷம் செல்லும். முன்பு உளி ஆழமாக இறங்கியிருந்தால் அவ்விடத்தில் மரம் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். அங்கே இனி வெட்ட முடியாது. “இது அவசரக்காரன் கை, இது பழகின கை” என்று, தான் பார்த்தேயிராத மனிதர்களின் குணத்தை அவர் அந்தப் பட்டையில் வாசித்துச் சொன்னார். அத்தோட்டத்து மரங்கள் இருபத்தைந்து வயதைத் தாண்டியவை. விரைவில் பலகைக்கு விலைபோக வேண்டியவை. மலேசியாவிலோ ரப்பர் நின்ற நிலத்தில் பெரும்பகுதியைச் செம்பனை பிடித்துக்கொண்டது. தோட்டத்து லயங்கள் கலைந்து, வெட்டத் தெரிந்தவர்கள் நகரங்களின் ஓரங்களில் முதுமை அடைந்திருக்கிறார்கள். உளியை எந்தச் சாய்வில் தீட்டுவது, மழைக்கு மறுநாள் எவ்வளவு குறைத்துச் சீவுவது, இலையுதிரும் மாதத்தில் எந்த மரத்துக்கு ஓய்வு கொடுப்பது, பால் வற்றப்போகிறது என்பதைச் சொட்டும் வேகத்திலிருந்து எப்படி அறிவது என்பனவற்றை அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள, இத்துறையைப் பயிலும் நம் மாணவர்களை இந்த வருஷமே அனுப்பலாம். கேட்டால் சொல்லக்கூடியவர்கள் குலசேகரத்திலும் இருக்கிறார்கள், கிள்ளானிலும் இருக்கிறார்கள், களுத்துறையிலும் இருக்கிறார்கள்.